ஒற்றன் நடந்த தெரு

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுத் தறி குழித்தறி. குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் தாத்தா இடுப்புக்கு மேலேதான் தெரிவார். கோர்வைச் சேலை நெய்கிற நாட்களில் அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். ஒரு பக்கத்துக் கரை நாடாவைப் போட்டு வாங்குவது என் வேலை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததிலிருந்து இருட்டுகிற வரை அதுதான். அத்தை கதவோரமாக உட்கார்ந்து தார் சுற்றுவாள். கையிலிருந்த தார் முடிந்ததும் பழைய பைண்டுப் புத்தகத்தை எடுத்து எங்கள் இருவருக்குமாக உரக்கப் படிப்பாள். கல்கி பத்திரிகையிலிருந்து வாரம் வாரமாகக் கிழித்துச் சேர்த்துத் தைத்த 'சிவகாமியின் சபதம்' அது.

பரஞ்சோதி என்கிற கிராமத்துப் பையன் ஓர் ஓலையை எடுத்துக்கொண்டு வடக்கே போகிறான். வழியில் வஜ்ரபாகு என்ற வீரர் ஒருவர் அவனோடு சேர்ந்துகொள்கிறார். இரவு பையன் அசந்து தூங்கும்போது அவனிடமிருந்த ஓலை எடுக்கப்பட்டு அந்த இடத்தில் வேறு ஓலை வைக்கப்படுகிறது. அத்தை இந்த இடத்துக்கு வந்தபோது தறி நின்றுவிட்டது. தாத்தா நாடாவைக் கையில் பிடித்தபடி கேட்டார்: "ஓலைய மாத்திட்டானா? அந்தப் பையனுக்குத் தெரியாதா?"

"தெரியாது நைனா. காலைல எழுந்து அதையே எடுத்துக்கிட்டுப் போறான்."

ஒரு முழம் நெய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டே வாழ்ந்தவர் அவர். அன்றைக்கு அந்த ஓலைக்காகத் தறியை நிறுத்தினார். இது எப்படி நடந்தது என்ற கேள்வி பல வருடம் என்னோடு இருந்தது. ஒற்றர் நாவல்களை, தமிழிலும் பிறகு ஆங்கிலத்திலும், தேடித் தேடிப் படித்ததற்கு அதுவே காரணம். எனக்குக் கிடைத்த விடையை இங்கே கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துச் சொல்கிறேன்.

'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை தொடராக வந்தது. அதை நாட்டியக்காரியின் காதல் கதை என்பார்கள், பல்லவர் சளுக்கர் போர்க் கதை என்பார்கள். இரண்டும் சரி. ஆனால் அதன் எலும்புக்கூடு ஒற்றர் நாவலுடையது. காஞ்சியில் புத்த பிக்ஷுவாக உலவும் நாகநந்தி வாதாபிச் சக்கரவர்த்தி புலிகேசியின் கையாள். பல்லவ ஒற்றர் படைக்குத் தலைவன் சத்ருக்னன். ஆயனச் சிற்பியிடம் சீடனாகச் சேர்ந்து மந்தபுத்திக்காரனைப் போல நடிக்கும் குண்டோதரன் சத்ருக்னனின் ஆள். வஜ்ரபாகுவோ மாறுவேடத்தில் வந்த மன்னர் மகேந்திர பல்லவரே. இத்தனை பேர் வேறொருவராக நடிக்கும் ஊரில் தானாகவே இருப்பவர்கள் பரஞ்சோதி, ஆயனர், அவர் மகள் சிவகாமி என்று மிகச் சிலர்தான்.

ஓலை மாறும் இரவில் யாருக்கு என்ன தெரியும் என்று பார்ப்போம். பரஞ்சோதிக்கு ஒன்றுமே தெரியாது. அஜந்தா ஓவியத்தின் வர்ண ரகசியத்தைக் கேட்டு எழுதிய ஓலை என்று நம்பிச் சுமக்கிறான். நாகநந்திக்குத் தான் எழுதியது தெரியும், அது மாற்றப்பட்டது தெரியாது. வஜ்ரபாகுவுக்கு இரண்டும் தெரியும். அத்தை படிக்கக் கேட்டுக்கொண்டிருந்த தாத்தாவுக்குப் பரஞ்சோதியைவிட அதிகம் தெரியும், வஜ்ரபாகுவைவிடக் குறைவாகத் தெரியும். அவர் நின்றது அந்த நடுப்படியில். மேலே இருப்பவனின் கணக்கை ஊகிக்க வேண்டும், கீழே இருப்பவனுக்காகப் பதைக்கவும் வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறவரின் கை தறியை மறந்துவிடும்.

துப்பறியும் கதையில் இந்தப் படிக்கட்டு வேறு மாதிரி. தமிழில் அதற்கு நீண்ட வரலாறு உண்டு. எங்களைப் போலவே பட்டு நெய்கிற ஆரணியிலிருந்து வந்த குப்புசாமி முதலியார், ஜே.ஆர். ரங்கராஜு, வடுவூர் துரைசாமி ஐயங்கார் என்று இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியிலேயே அந்த நாவல்கள் குவிந்துவிட்டன. பிறகு தமிழ்வாணனின் சங்கர்லால் வந்தார். அங்கே கொலை முடிந்துபோன விஷயம். அறிவாளி ஒருவர் பின்னோக்கிப் போய்க் கண்டுபிடிக்கிறார், வாசகர் அவருக்கு இரண்டடி பின்னால் ஓடுகிறார். கடைசி அத்தியாயத்தில் குற்றவாளி பிடிபட்டதும் ஊர் பழையபடி ஆகிவிடுகிறது. ஒற்றர் கதையில் ஆபத்து இனிமேல்தான் வரப்போகிறது. படை கிளம்பவில்லை, கோட்டைக் கதவு திறந்திருக்கிறது, தடுக்க நேரம் இருக்கிறது. அதோடு, தடுக்க வந்தவனே பொய் சொல்கிறவன். சங்கர்லால் யார் என்று நமக்குச் சந்தேகம் வந்ததே இல்லை. நாகநந்தி யார் என்ற சந்தேகம் நாவல் முடிகிற வரை தீர்வதில்லை. புலிகேசியோடு இரட்டையராகப் பிறந்த அண்ணன், அவனைப் போலவே முகம் கொண்டவன் என்பது தெரிந்த பிறகும், அவன் மனத்தில் இருந்தது அரசா, கலையா, சிவகாமியா என்று சொல்ல முடியாது.

எதுவும் தெரியாத ஒருவன் கையில் ரகசியத்தைக் கொடுத்துக் கதையைத் தொடங்குவது கல்கிக்குப் பிடித்திருந்தது. 1950-ல் தொடங்கிய 'பொன்னியின் செல்வ'னிலும் வந்தியத்தேவன் ஓலையோடுதான் வருகிறான். அந்த ஓலைகளை ஆதித்த கரிகாலன் கொடுத்தனுப்பியதும் இதே காஞ்சியிலிருந்து. வழியில் அவனை மோப்பம் பிடிக்கும் ஆழ்வார்க்கடியான் முதன்மந்திரி அநிருத்தரின் ஒற்றன். கடல் கடந்து பார்த்தால் ஜான் பக்கன் 1915-ல் வெளியிட்ட 'முப்பத்தொன்பது படிகள்' நாவலிலும் இதே ஏற்பாடுதான். ரிச்சர்ட் ஹானே சுரங்க எஞ்சினியர், ஒற்றுத் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாதவர். லண்டனில் அவர் குடியிருப்பில் ஒருவன் கொலையுண்டு கிடக்க, போலீசும் எதிரியும் ஒருசேரத் துரத்த, ஸ்காட்லாந்து மலைகளுக்கு ஓடுகிறார். ஆள் சாதாரணமானவனாக இருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரசனாக நம்மை நினைத்துக்கொள்வது கடினம். யாரோ கொடுத்த ஒன்றை ஏனென்று கேட்காமல் சுமந்து போகிறவனாக நினைத்துக்கொள்வதில் சிரமமே இல்லை.

இதற்கெல்லாம் காஞ்சிபுரம் ஏன் அவ்வளவு பொருந்துகிறது? ஊரை நடந்து பார்த்தவருக்குத் தெரியும். பெரிய காஞ்சிபுரத்தில் ஏகாம்பரநாதரும் காமாட்சியும் கச்சபேசரும் குமரகோட்டமும் உலகளந்த பெருமாளும் நடை தூரத்தில் இருக்கிறார்கள். கிழக்கே போனால் வரதர் கோயில், வேகவதி ஆற்றுப் பக்கம் திருப்பருத்திக்குன்றத்தில் சமணர் கோயில். 640 வாக்கில் வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங் இங்கே நூறளவு விகாரங்களும் 10,000 பிக்ஷுக்களும் இருந்ததாக எழுதினார், எண்பதளவு தேவாலயங்களையும் குறிப்பிட்டார். அப்படிப்பட்ட ஊரில் புதிதாக ஒரு சாமியார் தெருவில் நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எந்த ஊரிலிருந்து வருகிறீர், எத்தனை நாள் தங்குவீர் என்று கேட்பது மரியாதையாகவும் இருக்காது. மறைய விரும்புகிறவனுக்குக் காட்டைவிட யாத்திரைத் தலம் பாதுகாப்பானது.

இந்த உண்மையைப் பழைய நூல்கள் வெளிப்படையாகச் சொல்லியிருக்கின்றன. கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் ஒற்றர் வகைகளை அடுக்கும்போது தவசி வேடத்தான், துறவை விட்டு வந்தவன், வணிகன், குடியானவன், பிக்ஷுணி என்று பட்டியல் போடுகிறது. திருக்குறளின் 59-ஆவது அதிகாரம் ஒற்றாடல். துறவிக் கோலத்தில் நுழையக்கூடாத இடத்துக்கும் நுழைந்து, பிடித்து வருத்தினாலும் வாய் திறக்காதவனே ஒற்றன் என்கிறது அதில் ஒரு குறள். ஓர் ஒற்றனை இன்னொருவன் அறியாதபடி வைத்து, மூன்று பேர் சொல் ஒத்துவந்தால் மட்டும் நம்பு என்கிறது இன்னொன்று. உளவுத் துறைகள் இன்றும் கையாளும் முறை இதுதான். அந்த அதிகாரம் இருக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். அதற்கு முந்தைய அதிகாரம் கண்ணோட்டம், பிறர்மீது இரங்கிப் பார்க்கும் பார்வை. அதை முடித்த கையோடு வள்ளுவர் ஒற்றாடலைத் தொடங்கி, ஒற்றும் நூலும் அரசனுக்குக் கண்கள் என்கிறார். இரங்குகிற கண்ணுக்கு அடுத்த பக்கத்தில் வேவு பார்க்கிற கண். இந்த அடுக்கை நான் தற்செயலாக எடுத்துக்கொள்வதில்லை. நல்ல ஒற்றர் நாவல்கள் எல்லாம் இந்த இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில்தான் நடக்கின்றன.

'ஒற்று' என்ற சொல்லும் எனக்குப் பிடித்தமானது. இலக்கணத்தில் ஒற்று என்றால் புள்ளி வைத்த மெய்யெழுத்து. தனியாக நின்று ஒலிக்காது, பக்கத்தில் உயிர் வேண்டும். இரண்டு சொற்கள் சேரும் இடத்தில் ஓசைப்படாமல் வந்து நின்று பொருளையே மாற்றிவிடும். எழுத்துக்கும் உளவுக்கும் ஒரே பெயர் வைத்த மொழியில் பிறந்ததில் எனக்குச் சந்தோஷம் உண்டு.

துறவி வேடம் பழங்கதை என்று நினைத்துவிட வேண்டாம். 1865-ல் பிரிட்டிஷ் இந்திய நில அளவைத் துறை, குமாவூன் மலையைச் சேர்ந்த நயின் சிங் ராவத்தைத் திபெத்துக்கு அனுப்பியது. அவர் யாத்ரீகர் கோலத்தில் லாசா வரை நடந்தார். கையில் வைத்திருந்த ஜபமாலையில் 108 மணிகளுக்குப் பதிலாக 100 மணிகளே இருந்தன. நூறு அடிக்கு ஒரு மணி தள்ளுவார், மாலை ஒரு சுற்று முடிந்தால் 10,000 அடி. குறிப்பு எழுதிய காகிதங்கள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் இருந்தன. பார்ப்பவர்களுக்கு அவர் மந்திரம் சொல்லிக்கொண்டு போகும் பக்தர். அவர் அளந்துகொண்டு போனது ஒரு தேசத்தை.

அந்த மலைப்பாதைகளின் மனிதர்களை மனத்தில் வைத்து கிப்ளிங் 1901-ல் 'கிம்' நாவலை வெளியிட்டார். ஒற்றர் நாவலின் மூதாதைகளில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். அதில் திபெத்திய லாமா ஒருவரும் தெருப் பையன் ஒருவனும் சேர்ந்து பயணம் போகிறார்கள். 'சிவகாமியின் சபத'மும் காஞ்சிப் பாதையில் நடந்து வரும் ஒரு பிக்ஷுவோடும் ஒரு பையனோடும்தான் தொடங்குகிறது. ஆனால் கிப்ளிங்கின் கதையில் துறவி கபடமற்றவர், பையன் ஒற்றனாகிறான். கல்கியின் கதையில் துறவி ஒற்றன், பையன் கபடமற்றவன். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தபோது தறியில் ஒரே பாவில் இரண்டு சேலை பார்த்த மாதிரி இருந்தது. கிம்முக்கு ஒற்று என்பது விளையாட்டு, அரசு அவனுக்குத் தரும் சாகசம். பரஞ்சோதிக்கு அது பெரியவர்களை நம்பியதற்குக் கிடைத்த அடி. ஆளும் நாட்டின் எழுத்தாளர் பார்த்ததற்கும், சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர் பார்த்ததற்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

வேடம் இருக்கும் இடத்தில் சந்தேகம் வளரும். சந்தேகத்தின் கெட்ட முகத்தைப் பற்றித் தமிழ்நாட்டில் எழுதிய முன்னோடிகளில் ஒருவர் மகேந்திரவர்மப் பல்லவர், கல்கி ஒற்றர்களுக்கெல்லாம் ஒற்றராகப் படைத்த அதே மன்னர். அவர் சம்ஸ்கிருதத்தில் எழுதிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சித் தெருக்களில் நடக்கிறது. குடிபோதையில் இருக்கும் காபாலிகனின் கபாலப் பாத்திரம் காணாமல் போகிறது. எதிரே வந்த புத்த பிக்ஷுதான் அங்கிக்குள் ஒளித்துவிட்டான் என்று சண்டை பிடிக்கிறான். பிக்ஷு தன் பாத்திரத்தை எடுத்துக் காட்டியும் பயனில்லை, அதன் தோற்றத்தை மாற்றிவிட்டாய் என்கிறான். உண்மையில் அதைத் தூக்கிக்கொண்டு போனது ஒரு நாய். சந்தேகிக்கப்பட்டவன் தன் குற்றமின்மைக்குக் காட்டும் சாட்சியே குற்றத்துக்குச் சாட்சியாகிவிடுகிறது. அந்த நாடகத்தை எழுதிய மன்னரையும், காவியுடைக்குள் ஒளிந்த ஓலையைத் தேடும் மன்னரையும் கல்கி ஒருவராக்கிப் பார்த்தார். அவர் கற்பனையின் உயரத்தை நான் உணர்ந்த இடம் இது.

சங்க காலத்திலும் இதற்கு ஒரு சாட்சி உண்டு. இளந்தத்தன் என்ற புலவர் சோழன் நலங்கிள்ளியிடமிருந்து அவன் பகைவன் நெடுங்கிள்ளி இருந்த உறையூருக்கு வருகிறார். முற்றுகையில் அடைபட்டிருந்த நெடுங்கிள்ளி அவரை ஒற்றர் என்று கொல்லப் போகிறான். கோவூர்கிழார் இடையில் வந்து, பரிசில் வாங்கிப் பிழைக்கும் புலவர் வாழ்வு யாருக்கும் தீங்கு நினைக்காதது என்று பாடிக் காப்பாற்றுகிறார். புறநானூற்றில் 47-ஆவது பாட்டாக அது நிற்கிறது. ஒற்றர் கதையில் நம்மைப் பயமுறுத்துவது பிடிபடாத ஒற்றன் மட்டுமல்ல. கோவூர்கிழார் வராமல் போயிருந்தால் என்ற நினைப்பும் அதில் இருக்கிறது.

இது வரை சொன்னது இலக்கியம். காஞ்சி மண்ணில் உண்மையாகவே ஒற்றுப் போர் நடந்தது 1780-ல். அந்த ஆண்டு ஹைதர் அலி கர்நாடகச் சமவெளிக்குள் இறங்கினார். கம்பெனிப் படையின் தளபதி ஹெக்டர் மன்ரோ காஞ்சிபுரத்தில் வந்து தங்கியிருந்தார். வடக்கிலிருந்து கர்னல் பெய்லி இன்னொரு படையோடு வந்து அவருடன் சேர வேண்டும். செப்டம்பர் 6-ல் பெரம்பாக்கம் அருகே திப்பு அவரை மறித்தார். மன்ரோ காஞ்சியிலிருந்து கர்னல் ஃபிளெட்சர் தலைமையில் சுமார் 1,000 பேரை உதவிக்கு அனுப்பினார். அவர்களுக்கு வழிகாட்டியவர்கள் ஹைதரிடம் காசு வாங்கியவர்கள். ஹைதரின் படை காத்திருக்கும் பாதையில் கொண்டுபோய் விடுவது ஏற்பாடு. ஃபிளெட்சர் நடுவழியில் சந்தேகப்பட்டுப் பாதையை மாற்றி, வயல்வெளிகளின் மறைவில் நடந்து பெய்லியிடம் போய்ச் சேர்ந்தார். அந்த இரவை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். வழிகாட்டி முன்னால் நடக்கிறான். மொழி தெரியாத அதிகாரி அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே போகிறார். ஏதோ ஒரு திருப்பத்தில் மனத்தில் ஒரு உறுத்தல். ஜான் பக்கன் எழுதியிருந்தால் அங்கே ஓர் அத்தியாயத்தை முடித்திருப்பார்.

ஆனால் வரலாறு நாவலைப் போல முடியவில்லை. ஃபிளெட்சர் தப்பிப் போய்ச் சேர்ந்தது அழிவில். செப்டம்பர் 10-ல் புள்ளலூரில் ஏறத்தாழ 3,800 பேர் கொண்ட அந்தப் படையை ஹைதரும் திப்புவும் சுற்றி வளைத்தார்கள். வெடிமருந்து வண்டிகள் வெடித்தன. ஃபிளெட்சர் மாண்டார். பெய்லி சிறைப்பட்டு ஸ்ரீரங்கப்பட்டினத்தில் 1782-ல் இறந்தார். பீரங்கிச் சத்தம் எட்டும் தொலைவில் பெரிய படையோடு இருந்தும் மன்ரோவால் உதவிக்குப் போய்ச் சேர முடியவில்லை. கனரக பீரங்கிகளைக் காஞ்சியில் ஒரு குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்குப் பின்வாங்கினார். ஆயிரத்து நூறு வருடங்களுக்கு மேல் முன்னால் மகேந்திரர் பகைவரோடு பொருததாகச் செப்பேடு சொல்வதும் அதே புள்ளலூர்தான்.

ஒற்றர் கதைகள் எப்போது பெருகின என்று பார்த்தால், நாடு அச்சத்தில் இருந்த நாட்களில்தான். ஜெர்மனி படையெடுக்கும் என்ற பயம் இங்கிலாந்தில் பரவிய காலத்தில், 1903-ல், எர்ஸ்கின் சில்டர்ஸின் 'மணல்மேடுகளின் புதிர்' வந்தது. பக்கனின் நாவல் முதல் உலகப்போர் நடுவில் வந்தது. கல்கி காஞ்சி முற்றுகையை எழுதிய ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். 1942-ல் ஜப்பானியர் வந்துவிடுவார்கள் என்று சென்னையே காலியானது. லட்சக்கணக்கானவர்கள் மூட்டை கட்டிக்கொண்டு உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். 1943 அக்டோபரில் ஜப்பானிய விமானம் ஒன்று நகரத்தின்மீது குண்டும் போட்டது. வீட்டு ஜன்னலுக்குக் கறுப்புக் காகிதம் ஒட்டி, வெளியே வெளிச்சம் தெரியாமல் விளக்கு வைத்து, புதிய ஆளைப் பார்த்தால் யாரோ என்று நினைத்த ஜனங்கள் அந்தத் தொடரை வாரம் வாரம் படித்தார்கள். சிவகாமியின் அரங்கேற்றம் நடந்துகொண்டிருக்கும்போது போர்ச் செய்தி வந்து ஆட்டம் பாதியில் நிற்கிறது. அதைப் படித்தபோது 1944-ன் வாசகருக்கு ஏழாம் நூற்றாண்டு தூரமாகத் தெரிந்திருக்காது.

அதற்குப் பிறகு வந்த ஒற்றர்களை வேகமாகச் சொல்லிவிடலாம். 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி வந்தார். 1984-ல் ராணி காமிக்ஸ் ஜேம்ஸ்பாண்டைத் தமிழ் பேச வைத்தது, அதே ஆண்டு லயன் காமிக்ஸில் மாடஸ்டி வந்தாள். திரையில் ஜெய்சங்கர் தொப்பியோடு ஓடினார். சுஜாதா 'விக்ரம்' எழுதினார். பஸ் ஸ்டாண்டுக் கடையில் தொங்கிய அந்தப் புத்தகங்களை நான் விரும்பிப் படித்தவன், அவற்றைக் குறைத்துப் பேச மனம் வரவில்லை. ஆனாலும் ஒருமுறைக்கு மேல் படிக்க வைத்தவை வேறு. அந்த வித்தியாசத்தைச் சொன்னால்தான் இந்த விளக்கம் நிறைவு பெறும்.

ஜான் லெ காரே என்ற பெயரில் எழுதிய டேவிட் கார்ன்வெல் பிரிட்டிஷ் உளவுத் துறையிலேயே வேலை பார்த்தவர். 1963-ல் வந்த 'பனியிலிருந்து மீண்ட ஒற்றன்' நாவலில் லீமாஸ் என்ற களைத்துப்போன ஒற்றனைக் கடைசியாக ஒரு வேலைக்கு அனுப்புகிறார்கள். அவன் நினைத்த வேலை வேறு, அவனை வைத்து மேலிடம் செய்த வேலை வேறு. ஓலை மாற்றப்பட்ட பரஞ்சோதிதான் அவன், வயது மட்டும் கூட. அந்தச் சூதில் சம்பந்தமே இல்லாமல் மாட்டிக்கொள்பவள் லிஸ் என்ற நூலகப் பெண். அவனை நேசித்ததைத் தவிர அவள் ஒன்றும் செய்யவில்லை. திட்டம் வெற்றி பெறுகிறது. அவள் பெர்லின் சுவருக்கு அடியில் சுடப்பட்டு விழுகிறாள்.

சிவகாமி எனக்கு லிஸ்ஸுக்கு முன்பே தெரிந்தவள். மகேந்திரர் ஓலையை மாற்றினார், படையெடுப்பைத் தாமதப்படுத்தினார், கோட்டையைக் காப்பாற்றினார். இவ்வளவு சாமர்த்தியம் கொடுத்த தைரியத்தில், முற்றுகையில் சலித்துப்போன புலிகேசியைக் காஞ்சிக்குள் விருந்தாளியாகவே அழைத்தார். எதிரியை நேருக்கு நேர் பார்த்துப் பேசி வென்றுவிடலாம் என்று நம்பினார். வெளியே போன புலிகேசி வன்மத்தோடு சுற்றுப்புறத்தைச் சூறையாடினான். சிவகாமி சிறைப்பட்டு வாதாபிக்குக் கொண்டுபோகப்பட்டாள். மகன் மாமல்லர் அவளை மணப்பதை விரும்பாமல் இருவரையும் பிரித்துவைக்க மகேந்திரர் செய்த ஏற்பாடுகளும் அந்தச் சிறைக்கு வழி செய்தன. போரில் காயம்பட்டுப் படுக்கையில் கிடந்து அவர் வருந்துகிறார். நாவலில் அவர் மிகப் பெரிய மனிதராகத் தெரிவது அந்தப் படுக்கையில்தான், வஜ்ரபாகுவாகக் குதிரையில் வந்தபோது அல்ல.

ஒற்றர் நாவலைச் சாகசக் கதை என்று ஒதுக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். அந்த வகையின் சிறந்த நூல்கள் சாமர்த்தியத்தைக் கொண்டாடிவிட்டு நிறுத்துவதில்லை, அதற்கான கூலியை யார் கொடுத்தார்கள் என்று கணக்குப் பார்க்கின்றன. பெரும்பாலும் கொடுத்தவர் ஆட்டத்திலேயே இல்லாதவர். கோர்வைச் சேலையில் உடலும் கரையும் சேரும் கோட்டில் இரண்டு நிற நூலும் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள வேண்டும். எந்த நாடா தவறினாலும் அந்த இடத்தில் ஓட்டை விழும். ராஜ்ய ரகசியமும் சாதாரணமானவர் வாழ்வும் சேரும் கோட்டை இந்த நாவலாசிரியர்கள் நெய்தார்கள். அதனால்தான் தறியில் உட்கார்ந்தவருக்கும் அது புரிந்தது.

அப்படி நெய்தவர்களில் ஒருவரான சோமர்செட் மாம் முதல் உலகப்போரில் சுவிட்சர்லாந்திலும் ரஷ்யாவிலும் பிரிட்டனுக்காக ஒற்றராக இருந்தவர். அந்த அனுபவத்தில் எழுதிய 'ஆஷெண்டன்' 1928-ல் வந்தது. துப்பாக்கியைவிட அலுப்பும் காத்திருப்பும் அதிகம் உள்ள ஒற்று வாழ்க்கையை முதலில் உள்ளபடி காட்டிய புத்தகங்களில் அது ஒன்று. அவர் 1938-ல் திருவண்ணாமலைக்கு வந்தார். ஆசிரமத்தில் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். ரமணர் அவர் இருந்த அறைக்கே வந்து உட்கார்ந்தார், இருவரும் வெகுநேரம் பேசாமலே இருந்தார்கள். பிறர் முகத்தைப் படித்துப் பிழைத்த ஒருவர், மறைக்க ஒன்றுமே இல்லாத முகத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை யாராவது நாவலாக எழுத வேண்டும்.

அத்தை நான்காம் பாகத்தை முடித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. மாறுவேடத்தில் வாதாபிக்குள் புகுந்து அழைத்த மாமல்லரோடு போக மறுத்து, அந்த நகரம் எரிவதைக் கண்டு, பல வருடம் கழித்துத் திரும்பிய சிவகாமி, மாமல்லருக்கு மனைவியும் குழந்தைகளும் இருப்பதைப் பார்க்கிறாள். ஏகாம்பரநாதர் சன்னிதியில் அந்த இறைவன் பெயரால் மாங்கல்யம் கட்டிக்கொண்டு ஆடுகிறாள். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற கோயில் அது. அத்தை புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். தாத்தா வெகுநேரம் நாடாவை எடுக்கவில்லை.

"நம்ம கோயில்லயா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமா நைனா."

அந்த வருடப் பங்குனி உத்திரத்துக்கு மூன்று பேரும் போனோம். ராஜகோபுரத்துக்கு வெளியே வரிசையாகச் சாமியார்கள் உட்கார்ந்திருந்தார்கள், எந்தெந்த ஊரோ. அதில் ஒருவர் உயரமாக, மெலிந்து, தலை மழித்து இருந்தார். அத்தை அவர் எதிரில் நின்றுவிட்டாள். கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அவரும் நிமிர்ந்து பார்த்தார். அத்தை முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசை எடுத்துக் குனிந்து அவர் கையில் வைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.